இறுகிய சரிவு

செப்டம்பர் 11

பம்ப் லாரியில் வந்து சேர்ந்தது. மதியத்துக்குள் முதல் ஆறு குழாய்களைச் சரிவில் இறக்கிவிட்டோம். மொத்தம் நாற்பது இறக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஆள் உயரம், அடிப்பாதியில் துளை போட்டது. கனகண்ணன் சம்மட்டியால் அடிக்க நான் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை இரண்டும் எரிகின்றன.

கனகண்ணன் இந்த ஊர்க்காரர். தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பை இருபது வருடம் ஓட்டியவர். அவரை வேலைக்கு எடுத்தது நான் செய்த நல்ல காரியம்.

குருத்துக்கம்பை காலனியில் பதினெட்டு வீடுகள், மூன்று வரிசை. சரிவுக்கு நேர் கீழே முதல் வரிசை. எல்லோரும் இலங்கையிலிருந்து திரும்பிவந்த தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஒவ்வோர் ஐப்பசியிலும் மண் சரியுமோ என்ற பயத்தில் ஒரு மாதம் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குகிறார்கள். இந்த வருடம் அவர்கள் போகாமல் இருக்க வேண்டும். எட்டு வருடமாக நான் ஆய்வுக்கூடத்தில் செய்ததெல்லாம் இதற்காகத்தான்.

முதல் வரிசையின் கடைசி வீட்டில், சிவபாக்கியம் அக்காவின் முன் அறையில் தங்கியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் சரிவு. வேறெதுவும் தெரியாது.

செப்டம்பர் 14

“கிருமியையா மண்ணுல ஊத்தப் போறீங்க?” என்று அக்கா கேட்டார். கொழுந்து எடுத்துவிட்டு வந்து கூடையைக்கூட இறக்கவில்லை.

மண்ணிலேயே வாழ்கிற பாக்டீரியாதான், யாருக்கும் காய்ச்சல் தராது என்றேன். அதற்கு யூரியா கொடுத்தால் தின்னும். கூடவே கால்சியம் இருந்தால் சுண்ணாம்புக் கல் உண்டாகும். அது மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும். மலையை வெட்ட வேண்டாம், சுவர் எழுப்ப வேண்டாம்.

“யூரியா போட்டா செடிதான வளரும்?”

“இதுக்குக் கல்லு வளரும் அக்கா.”

கட்டிலில் படுத்திருந்த அவர் கணவர் மாணிக்கம் சிரித்தார். பக்கவாதம் வந்து நான்கு வருடம். வலது பக்கம் அசையாது, பேச்சு குழறும், சிரிப்பு மட்டும் சுத்தமாக வரும்.

செப்டம்பர் 19

மூன்றாம் நாளாக ஊற்றுகிறோம். முதலில் பாக்டீரியா கலந்த நீர், ஆறு மணி நேரம் கழித்து யூரியாவும் கால்சியம் குளோரைடும். சரிவு முழுக்க அம்மோனியா நெடி. கண்ணில் நீர் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கனகண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, “நம்ம ஆளுங்களுக்குச் சாப்பாடு போட்டாச்சு மேடம்” என்கிறார்.

கீழ்ப்பாதிக் குழாய்களில் திரவம் இறங்க மறுக்கிறது. மேலே பொங்கி வழிகிறது. அழுத்தத்தைக் கூட்டச் சொன்னேன்.

செப்டம்பர் 20

மழை இல்லை. துணி துவைத்தேன்.

செப்டம்பர் 27

கனகண்ணன் கடப்பாரையை ஓங்கி இறக்கினார். டங் என்று சத்தம் வந்தது. திரவம் ஊற்றுவதற்கு முன் இதே இடத்தில் கடப்பாரை பாதி உள்ளே போனது. காலனியில் பாதிப்பேர் மேலே ஏறிவந்து ஆளுக்கொரு தடவை தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டு மண்ணை மிதித்தார்.

படம் எடுத்துப் பேராசிரியர் தேவசகாயத்துக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார். “தமயந்தி, இது உன் சரிவும்மா” என்றார். நான் சாப்பிடாமலே தூங்கிவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

அக்டோபர் 4

சாம்பிள் எடுத்தோம். மேல்பாதியில் ஒன்பது இடம். எல்லாம் நன்றாக இறுகியிருக்கின்றன. கீழ்ப்பாதியில் ஐந்து இடம். அவற்றில் மேலே ஒரு முழம் கல்லாக இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள மண், சாம்பிள் குழாயிலிருந்து தட்டியதும் உதிர்ந்துவிட்டது. கையில் எடுத்தேன், ஈர மாவு மாதிரி ஒட்டியது.

சாம்பிள் எடுக்கும் குழாயின் குறையாக இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் சலித்த மணலில் செய்தோம். இங்கே களிமண் அதிகம், பாக்டீரியா நுழையும் இடைவெளி குறைவு. ஆனாலும் இவ்வளவு வித்தியாசம் வரக்கூடாது.

ஒன்பதின் முடிவைச் சாருக்கு அனுப்பினேன். ஐந்தையும் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம்.

அக்டோபர் 5

திரும்ப எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 8

கடைவீதியில் ஓர் அறை பார்த்து மாறிவிட்டேன். அக்கா வீட்டில் போன் சிக்னல் சரியாக வருவதில்லை, லேப்டாப் சார்ஜ் போடுவதும் கஷ்டம். அக்கா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைவரை வந்தார். “ஏதும் குறை வச்சுட்டேனா மேடம்?” என்றார். அதெல்லாம் இல்லை என்றேன். நடந்தால் இருபது நிமிடம்தான்.

அக்டோபர் 13

கிராம நிர்வாக அலுவலர் வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இரண்டு அறை ஒதுக்கியாயிற்று, பதினெட்டு வீட்டுக்காரர்களும் இருபதாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சிவபாக்கியம் அக்காதான் எழுந்தார். “சார், எங்க வீட்டுக்காரர அங்க வச்சுப் பாக்க முடியல. போன வருஷம் முதுகெல்லாம் புண்ணு. கக்கூஸுக்கு நாலு படி ஏறணும். மேடம் இங்கயே இருக்காங்க. மேடம் சொல்லட்டும், போறோம்.”

அலுவலர் என் பக்கம் திரும்பி, “எழுத்துல வேணாம், வாயால சொல்லுங்க போதும்” என்றார்.

இந்த வருடம் தேவைப்படாது என்று சொன்னேன்.

சொன்னதும் பேச்சும் சிரிப்புமாக எல்லோரும் எழுந்தார்கள். யாரோ எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். மேல்பாதியின் கணக்குப்படி நான் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 19

மழை தொடங்கியது.

அக்டோபர் 22

சரிவின் அடியில் ஓர் ஊற்று இருக்கிறது. காலனிக்குக் குடிநீர் அதுதான். மழைக்காலத்தில் குடம் வைத்த வேகத்தில் நிறையும் என்பார்கள். இன்று பெண்கள் நான்கு பேர் காலிக் குடத்தோடு நின்றிருந்தார்கள். சொட்டுச் சொட்டாக விழுகிறது. “மழை இந்தப் போடு போடுது, ஊத்துல தண்ணியக் காணோமே” என்றார் ஒருவர்.

மண் இறுகியதால் கசிவு நின்றிருக்கிறது, நல்ல அறிகுறி என்று கனகண்ணனிடம் சொன்னேன்.

அவர் ஊற்றைப் பார்த்தார். “அப்ப அந்தத் தண்ணி எங்க மேடம் போகுது?”

லாரி வருகிற நேரம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்று லாரி எதுவும் வரவேண்டியதில்லை.

அக்டோபர் 23

சரிவின் உச்சியில் ஓர் அளவுக்குழாய் புதைத்திருக்கிறோம். நாடாவை உள்ளே விட்டால் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று தெரியும். செப்டம்பரில் 410. இன்று 290.

மழைக்காலத்தில் ஏறுவது இயல்பு.

அக்டோபர் 30

235. சளி பிடித்திருக்கிறது. மாத்திரை வாங்கினேன். குடை கம்பி உடைந்தது.

நவம்பர் 3

180. சாருக்குப் போன் செய்தேன். நீர்மட்டம் ஏறுவதைச் சொன்னேன். ஊற்று நின்றதையும் சொன்னேன். ஐந்து சாம்பிள்களைப் பற்றிச் சொல்லவில்லை.

“மேல்பாதி முழு ஆழத்துக்கும் இறுகியிருக்குன்னுதானே அனுப்பினே? கீழயும் அப்படித்தானே?” என்றார்.

“கிட்டத்தட்ட சார்.”

“அப்ப என்ன பயம்? தண்ணி நிக்கட்டும். சுவர் பலமா இருக்கு.”

போனை வைத்தபின் அந்த வார்த்தை மனதைவிட்டுப் போகவில்லை. சுவர். கீழ்ப்பாதியில் நான் கட்டியது ஒரு முழச் சுவர். அதற்குப் பின்னால் மாவு. மாவுக்குப் பின்னால் மலையின் தண்ணீர்.

நவம்பர் 5

கனகண்ணனோடு கீழ்ப்பாதியில் வெட்டிப் பார்த்தேன். மழையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு மூன்று இடத்தில். மூன்றிலும் அதே. மேலே கல். கல்லை உடைத்ததும் கடப்பாரை தானாக இறங்குகிறது. ஓட்டை வழியாகத் தண்ணீர் சேறாகக் கொப்பளித்தது.

கனகண்ணன் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். விரல் இடுக்கில் வழிந்தது. கையை மழையில் கழுவிக்கொண்டே சொன்னார்: “எங்க வீடு ரெண்டாவது வரிசை மேடம்.”

எப்போதிருந்து தெரியும் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இறங்கும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 6

சாருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஐந்து சாம்பிள்களையும் சேர்த்து. பதில் இல்லை.

நவம்பர் 8

இறுகிய மேல்மண்ணில் துளை போட்டுத் தண்ணீரை வடிக்கலாம் என்று கைத்துளைப்பான் கொண்டு போனோம். காலையிலிருந்து மதியம்வரை இரண்டே துளை. முதலாவதிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்துக் கனகண்ணனின் முகத்தை மறைத்தது. பத்து நிமிடத்தில் சேறு அடைத்துக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது போடும்போது காலடியில் அதிர்வு போல ஏதோ தெரிந்தது. நான் மட்டும்தான் உணர்ந்தேனா என்று அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினோம்.

நீர்மட்டம் 95.

நவம்பர் 9

சார் போன் செய்தார். அறிக்கையை மாற்ற வேண்டாம், மழை விட்டதும் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். “நீ பயந்துபோயிருக்கே. ரெண்டு நாள் கோயம்புத்தூர் வந்து இருந்துட்டுப் போ” என்றார்.

போகலாமா என்று அரைமணி நேரம் நினைத்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 10

காலை எட்டு மணிக்குக் காலனிக்குப் போனேன். எல்லோரையும் குழந்தைகள் மையத்தின் முன்னால் கூப்பிட்டேன். மழைக்குக் கோணி போர்த்திக்கொண்டு நின்றார்கள்.

சொன்னேன். மேலே மட்டும்தான் இறுகியிருக்கிறது, உள்ளே இல்லை. தண்ணீர் வெளியே போகும் வழியை நாங்களே அடைத்துவிட்டோம். நாங்கள் எதுவும் செய்யாமல் விட்டிருந்தால்கூட இதைவிடப் பாதுகாப்பாக இருந்திருக்கும். இன்றைக்கே கிளம்ப வேண்டும்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “போன மாசம் சொன்னது?”

“அது தப்பு.”

“தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?”

“அப்பவே சந்தேகம் இருந்திச்சு.”

சிவபாக்கியம் அக்கா கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். “நீங்க ரூம் மாத்தினீங்களே மேடம், அப்பவே எனக்கு என்னமோ தோணிச்சு. கேக்கத்தான் வாய் வரல” என்றார்.

சிக்னலுக்காகத்தான் மாறினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மாலைக்குள் பதினெட்டு வீடும் காலி. மாணிக்கத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிப் போனார்கள். அவர்மீது போர்த்தியிருந்த தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் இன்று சிரிக்கவில்லை.

நவம்பர் 11

மழை. 80.

நவம்பர் 12

பிற்பகலில் மழை விட்டது. 70. பள்ளிக்கூடத்தில் இரண்டு அறையில் அறுபத்தோரு பேர். சோற்றுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள்.

நவம்பர் 13

வெயில். மலை முழுக்கப் புகைபோல ஆவி எழுகிறது. 55.

மழை நின்றும் ஏறுகிறது. மேலே காட்டில் இறங்கிய தண்ணீர் இப்போதுதான் சரிவுக்கு வந்து சேர்கிறது. இதை யாரிடம் சொன்னாலும் வானத்தைப் பார்க்கிறார்கள்.

நவம்பர் 14

வெயில். 40. காலனிக்காரர்கள் காலையில் தங்கள் வீடுகளுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மாலையில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிறார்கள். ஆடு, கோழியெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தடுக்க என்னால் முடியவில்லை. “மேடம் போகச் சொன்னா போகணும், இருக்கச் சொன்னா இருக்கணுமாக்கும்” என்று ஒரு பெண் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்.

இன்று காலை சரிவைப் பார்த்து நின்றபோது விழுந்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். வீடுகளுக்குள் ஆட்கள் இருந்த நேரம் அது. புரிந்ததும் சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

நவம்பர் 16

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். பள்ளிக்கூட மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மண் அள்ளும் இயந்திரத்தின் சத்தம் மூன்று கிலோமீட்டர் தாண்டியும் கேட்கிறது.

நேற்றுக் காலை சிவபாக்கியம் அக்கா மாணிக்கத்தை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். பள்ளிக்கூடக் கழிப்பறைப் படியில் அவர் வழுக்கி விழப் பார்த்தாராம். எனக்குத் தெரிந்தபோது பகல் ஒரு மணி. ஓடினேன்.

அக்கா அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்தது. “வாங்க மேடம்” என்றார், விருந்தாளியைச் சொல்வது போல.

“அக்கா, கிளம்புங்க. நான் பிடிச்சுக்கிறேன்.”

“எத்தனை நாளைக்கு மேடம்? நீங்களே சொல்லுங்க. பத்து நாளா, ஒரு மாசமா? இவரு அங்க இருந்தா மண்ணு விழாமலே போய்ச் சேந்துருவாரு.”

“தண்ணி இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு அக்கா.”

“வெயில் இப்படி அடிக்குது. எப்படி நம்புறது? ஒரு தடவ நம்பிட்டோம்ல.”

நம்பவைக்க நீர்மட்ட அளவைத் தவிர என்னிடம் வேறெதுவும் இல்லை என்று நினைத்தேன். கனகண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். காலையில் அளந்தது 22. இன்னொரு தடவை அளந்து எனக்குப் போனில் சொல்லுங்கள், ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கேட்கவைக்கிறேன் என்றேன். சரி மேடம், பக்கத்துத் தோட்டம் வழியாக ஏறிவிடுகிறேன் என்றார்.

நான் கீழே உட்கார்ந்தேன். அவர் போன் வரும்வரை நானும் இங்கேயே இருக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். சுவர்க்கடிகாரம் ஓடும் சத்தம். ஓர் ஆடு சுவரில் கொம்பை உரசும் சத்தம். அதைக் கேட்டு நான் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். டம்ளர் என் கையில் ஆடி டீ புடவையில் கொட்டியது. இரண்டு கையாலும் பிடித்தேன். அப்போதும் நிற்கவில்லை. பல் டம்ளரின் விளிம்பில் தடதடவென்று அடித்தது.

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். முகத்தை அல்ல, கையை.

“நெசமாலுமே பயப்படுறீங்க” என்றார்.

“ஆமாக்கா.”

“அன்னிக்குக் கூட்டத்துல சொன்னப்ப இப்படித் தெரியல. புத்தகத்தப் பாத்துச் சொல்ற மாதிரி இருந்திச்சு.”

அவ்வளவுதான். எழுந்து நாற்காலியை இழுத்தார். வாசலில் நின்று கத்தினார். ஆட்டுக்குத் தழை போட வந்திருந்த இருவர் ஓடிவந்தார்கள். மாணிக்கத்தைத் தூக்கினோம். மற்ற வீடுகளில் இருந்தவர்களையும் அக்காவே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் குரலுக்கு வந்தார்கள். நான் கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வரிசையைத் தாண்டும்போது என் போன் அடித்தது. நாற்காலியின் கால் ஒரு கையில். மறு கையில் எடுத்தேன்.

“மேடம், நாடாவே தேவையில்ல” என்றார் கனகண்ணன். மூச்சு வாங்கியது. “குழாயிலேருந்து தண்ணி வழியுது.”

“இறங்கிருங்கண்ணா. வந்த வழியிலேயே போயிருங்க. உடனே.”

“இதோ. மூடியப் போட்டுட்டு வந்தர்றேன், குப்ப விழுந்துரும்.”

வேண்டாம் என்று சொன்னேனா என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. சொன்னதாகத்தான் நினைவு. நாற்காலி சாய்ந்தது, பிடிக்கப் போனை இடுப்பில் செருகினேன்.

சாலைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. முதலில் வந்தது சத்தமல்ல, அம்மோனியா நெடி. ஒன்றரை மாதமாக உள்ளே அடைந்து கிடந்தது. நான் திரும்பினேன். கீழ்ப்பாதியின் மேல்மண் தட்டுத் தட்டாக, ஓடு பெயர்வது போலக் கிளம்பியது. அதன் பின்னால் கறுப்பாகச் சேறு. கீழே பிடிப்பு போனதும் மேல்பாதி ஒரே துண்டாக, நாங்கள் கல்லாக்கிய துண்டாக, அப்படியே நகர்ந்து வந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம். பக்கத்தில் நாங்கள் கைவைக்காத சரிவு இருக்கிறது. அதில் ஒரு செடிகூட அசையவில்லை.

முதல் வரிசை இல்லை. இரண்டாவது வரிசையில் நான்கு வீடுகள் இல்லை.

சாலையில் எல்லோரையும் எண்ணினார்கள். இரண்டு முறை எண்ணினார்கள். சரியாக இருக்கிறது என்றார் ஒருவர். “கனகண்ணன் மேல இருக்காரு” என்று அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

நவம்பர் 17

காலை பத்தரைக்குக் கனகண்ணனை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

நவம்பர் 18

அடக்கம். தூரத்தில் நின்றேன். புனிதா, அவருடைய மனைவி, என்னை ஒருமுறை பார்த்தார். சார் வரவில்லை.

நவம்பர் 21

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். பள்ளித் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். புனிதாவும் சிவபாக்கியம் அக்காவும் எனக்கு எதிர்ப் பெஞ்சில் இருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான். எல்லோருக்கும் எளிதாக முடியட்டும் என்று நினைத்தார். “எதிர்பாராத கனமழையால்” என்று தானே எழுதிவிட்டு எனக்குப் படித்துக்காட்டினார்.

“அன்னிக்கு வெயில் சார்” என்றேன்.

பேனாவை நிறுத்தினார். நான் சொன்னேன். ஐந்து சாம்பிள்கள், தேதி, யாருக்கு அனுப்பவில்லை என்பது, அக்டோபர் பதிமூன்றாம் தேதி கூட்டத்தில் என்ன சொன்னேன் என்பது, ஊற்று நின்றதும் நான் அதை நல்ல அறிகுறி என்றது. அவர் எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்.

முடிந்ததும் புனிதா வாயைத் திறந்தார். நான்கு நாளாக யாரிடமும் பேசவில்லை என்று அக்கா சொல்லியிருந்தார்.

“எல்லாரும் கீழ எறங்கிட்டிருந்தப்ப அவரு மட்டும் எதுக்கு மேல போனாரு?”

அதிகாரி என்னைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார். அக்காவுக்குத் தெரியும். தன்னை நம்பவைக்கத்தான் அவர் போனார் என்று அக்காவுக்குத் தெரியும். அந்தப் பாரத்தை அவர்மேல் ஏற்றிவிட ஒரு வழி எனக்கு இருந்தது. ஒரு நொடி அந்த வழி கண்ணில் பட்டது.

“நான்தான் அனுப்பினேன். ஒரு கணக்கு வேணும்னு அனுப்பினேன். அது தேவையே இல்லாம போச்சு.”

புனிதா தலையாட்டினார். புரிந்தது என்பதுபோல, இரண்டு முறை. அறையைவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. எழுந்து வந்து என் பெஞ்சிலேயே, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கையெழுத்துக்குத் தாள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை.